திண்ணையும் உள்ளறையும்

பழைய தமிழ்நாட்டு வீடுகளின் அமைப்பை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். அதனைக் கடந்தால் இடைகழி. இடைகழிக்கு அப்பால் முற்றமும் கூடமும். அவற்றிற்கும் அப்பால் சமையற்கட்டும் உள்ளறையும். வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுவர். (அந்தத் திண்ணையிலும் எல்லார்க்கும் இடம் கிடைத்ததில்லை என்பது வேறு கதை, வருந்தத்தக்க கதை.) அயலார் இடைகழிவரை வருவர், உறவினர் கூடத்தில் அமர்ந்து உண்பர், உள்ளறைக்கோ வீட்டாரன்றிப் பிறர் செல்வதில்லை. பணப்பெட்டியும் பழைய கடிதங்களும் நோயுற்றார் படுக்கையும் அங்கே இருந்தன. அவை இழிவானவை என்பதனால் மறைக்கப்படவில்லை. உரியவர்க்கே உரியவை என்பதனால் உள்ளே வைக்கப்பட்டன. யார் எதுவரை வரலாம் என்பதைச் சுவர்களே சொல்லிவிட்டன.

இன்றைய மாணவர் பலர் மற்றொரு வீட்டிலும் வாழ்கின்றனர். அது கைப்பேசிக்குள் இருக்கின்றது. முகநூல் 2004 ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005 ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009 ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010 ஆம் ஆண்டிலும் தோன்றின. இருபது ஆண்டுகளுக்குள் உலக மக்களில் பெரும்பகுதியினர் இவ்வீடுகளிற் குடியேறினர். இவற்றிலும் திண்ணை உண்டு, உள்ளறை உண்டு. ஆனால், இடைச்சுவர்களைக் குடியிருப்போரே எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். கட்டித் தருவோர் பெரும்பாலும் கதவுகளைத் திறந்துவைத்தே தருகின்றனர். பெரியவர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கினால், அவர் இடும் படங்கள் தொடக்கத்தில் யாவர்க்கும் தெரிவனவாகவே இருக்கும். மூடிக்கொள்ள விரும்பினால் அவரே தேடிச் சென்று மூடவேண்டும்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்நிறுவனங்கள் வாடகை வாங்குவதில்லை, விளம்பரங்களால் வாழ்கின்றன. மக்கள் ஒருவரையொருவர் எவ்வளவு மிகுதியாகப் பார்க்கின்றனரோ, அவ்வளவு நேரம் அங்கே தங்குவர். தங்கும் நேரம் கூடக் கூட விளம்பர வருவாயும் கூடும். மூடிய கதவு அவர்களுக்கு இழப்பு. பல நாடுகளின் வற்புறுத்தலுக்குப் பின், 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதாரின் இன்ஸ்டாகிராம் கணக்குகள் தாமாகவே மூடிய கணக்குகளாக அமையும் என்பது அது. பின்னர் இந்தியாவிற்கும் வந்தது. ஆயினும், வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கும் சிறுவன், தனக்காகப் பூட்டி வைத்த கதவைத் தன் கையாலேயே திறந்துவிடுகின்றான்.

அங்ஙனமாயின், ஒருவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வாழ்வதே நன்றோ? அன்று. பிறர் கண்ணிற் படுதல் மனிதர்க்குத் தேவை. சிற்றூரில் பறை பயிலும் சிறுவனும், களிமண்ணில் உருவம் வடிக்கும் சிறுமியும் தம் திறத்தை உலகறியச் செய்ய முன்னெல்லாம் ஒரு பெரிய மனிதரின் தயவை நாடி நின்றனர். இன்று ஒரு கைப்பேசி போதும். கல்லூரியில் இடம் தேடுவோரும் வேலை தேடுவோரும் தம் பணியைப் பொதுவில் வைப்பதனாற் பயன் பெறுகின்றனர். சில வீடுகளில் அச்சத்தின் பெயரால் பெண்பிள்ளையின் கைப்பேசியை மட்டும் பறித்துப் பெட்டியிற் பூட்டுகின்றனர். ஆண்பிள்ளையின் கைப்பேசி அவன் தலையணைக்கு அடியிலேயே கிடக்கின்றது. இது பாதுகாப்பு ஆகாது. வீட்டில் திருட்டு நடக்கும் என்று அஞ்சி வாசலையே சுவர் வைத்து அடைத்துவிடுவது போன்றது இது. எதைத் திண்ணையில் வைப்பது, எதை உள்ளறையில் வைப்பது என்று தெரிந்து வைக்கும் அறிவை இருவர்க்கும் தருதலே பெற்றோர் கடன்.

அவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. காதல் உணர்வு எல்லார்க்கும் பொது. அதனை உலகறியப் பாடலாம். ஆனால், அஃது இன்னாருடையது என்று காட்டிக்கொடுத்தல் கூடாது என்பது அவ்விதியின் உட்கிடை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, போர்மேற் சென்ற தலைவனை எண்ணி வருந்தும் அரசியைப் பாடுகின்றது. பாட்டில் அரசன் பெயர் இல்லை. எனினும், பாசறையில் நள்ளிரவில் உலவும் அரசனுக்கு முன்னே ஏந்திச் செல்லப்பட்ட வேலில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என்று புலவர் நக்கீரர் ஓரிடத்தில் குறித்துவிட்டார். வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளம். அந்த ஒரு குறிப்பைக் கொண்டே உரையாசிரியர் நச்சினார்க்கினியர், தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டமையால் இப்பாட்டு அகமாகாது, புறமே என்று முடிவு கட்டினார். பெயர் சொல்லப்படவில்லை, ஆயினும் ஒரு வேப்பந்தழை போதியதாயிற்று.

இந்நாளில் மாணவர் இடும் புகைப்படங்களில் வேப்பந்தழைகள் மலிந்து கிடக்கின்றன. சட்டைப் பையின்மேல் பள்ளியின் சின்னம். பின்னணியில் நாள்தோறும் ஏறும் பேருந்தின் எண். மாடியிலிருந்து தெரியும் கோவிற் கோபுரம். தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகை. தனித்தனியே நோக்கினால் இவற்றில் தீங்கு ஒன்றும் இல்லை. பத்துப் படங்களை ஒருங்கு வைத்து நோக்குவானுக்கோ அம்மாணவி எப்பள்ளியிற் பயில்கின்றாள், எவ்வழியாக எந்நேரத்தில் வீடு திரும்புகின்றாள் என்பது தெரிந்துவிடும். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மகிழ்ச்சி மிகுதியால் மதிப்பெண் பட்டியலையே படம் பிடித்து வெளியிடுவோர் பலர். அதில் பெயர், பதிவெண், பிறந்த நாள், பள்ளியின் பெயர் ஆகிய யாவும் அச்சிடப்பட்டிருக்கும். மதிப்பெண்ணைச் சொல்லி மகிழ்வதற்கு அத்தனையும் வேண்டுமோ?

படத்திற்குள் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகளும் உண்டு. கைப்பேசியால் எடுக்கப்படும் ஒவ்வொரு புகைப்படக் கோப்பிலும், எடுத்த நாள், நேரம், கருவியின் வகை முதலியன பதிந்திருக்கும். இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால், அவ்விடத்தின் நிலநேர்க்கோடும் நிலவரைக்கோடும் அக்கோப்பிலேயே எழுதப்பட்டுவிடும். பெரிய சமூக ஊடகங்கள் படத்தை வெளியிடும்போது பொதுவாக இக்குறிப்புகளைப் பிறர்க்குக் காட்டாது நீக்கிவிடுகின்றன. ஆனால், அதே படத்தை மின்னஞ்சலில் இணைத்தோ, வாட்ஸ்அப்பில் ஆவணக் கோப்பாகவோ அனுப்பினால் குறிப்புகள் அப்படியே உடன் செல்லும். கைப்பேசியின் கேமரா அமைப்புகளில் இருப்பிடப் பதிவை நிறுத்திவைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

பிறந்த நாள் ஒன்று தெரிந்துவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று எண்ணுவோர்க்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு செய்தி வியப்பளிக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியரின் மருத்துவக் குறிப்புகள், பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டன. பெயர் இல்லாமையால் எவர் கமுக்கமும் வெளிப்படாது என்று அதிகாரிகள் நம்பினர். 1997 ஆம் ஆண்டில் லட்டான்யா சுவீனி என்னும் ஆராய்ச்சி மாணவி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை இருபது டாலர் கொடுத்து வாங்கினார். அம்மாநில ஆளுநர் அந்நகரில் வாழ்ந்தார். அவர் பிறந்த அதே நாளிற் பிறந்தோர் அந்நகரில் அறுவர். அவருள் ஆடவர் மூவர். அம்மூவருள் அவருடைய அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு உரியவர் ஒருவரே. ஆளுநரின் நோய்க்குறிப்பு சுவீனியின் கையில் இருந்தது! பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று அவர் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினார்.

ஒருவர் அறிந்து வெளியிடுவன ஒருபுறம். அறியாமலே வெளியாவன மற்றொரு புறம். ஸ்டிராவா என்பது ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தம் பயிற்சியைப் பதிவு செய்யும் செயலி. 2017 ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம், தன் பயனர் அனைவரும் ஓடிய தடங்களை ஒளிக்கோடுகளாக வரைந்த உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. பெயர்கள் ஏதும் அதில் இல்லை. நகரங்கள் விளக்கு வைத்தாற்போல் ஒளிர்ந்தன. ஆனால், ஆப்கானிஸ்தான், சிரியா ஆகிய நாடுகளின் இருண்ட பாலை நிலத்திலும் சிறு சிறு ஒளிக்கட்டங்கள் தோன்றின. அவை அங்கே முகாமிட்டிருந்த படைவீரர்கள் காலையும் மாலையும் சுற்றுச்சுவரை ஒட்டி ஓடிய தடங்கள். படைத்தளங்களின் வடிவமே வெளிப்பட்டுவிட்டது. 2018 ஆம் ஆண்டு சனவரியில் இதனைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர் ஒருவர். வீரர்கள் எந்தக் கமுக்கத்தையும் எவரிடமும் சொல்லவில்லை, உடல் நலம் பேண ஓடினார்கள், அவ்வளவுதான்.

‘விருப்பம்’ என்று ஒரு பொத்தானை அழுத்துவதும் ஒரு வகைப் பேச்சே. 2013 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முகநூலில் 58,000 பேர் தாமே முன்வந்து அளித்த விருப்பக் குறிகளை ஆராய்ந்தனர். அவற்றை மட்டும் கொண்டே ஒருவருடைய சமயம், அரசியற் சார்பு, மனப்பாங்கு முதலியவற்றைப் பெரும்பாலும் சரியாக ஊகிக்க முடிந்தது. இத்தகைய அறிவு வணிகத்திற்கும் அரசியலுக்கும் பயன்படாமல் இருக்குமோ? 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்னும் நிறுவனத்தின் செய்கை வெளிப்பட்டது. மனப்பாங்கை அறியும் வினாவிடை என்ற பெயரில் ஒரு செயலி உலவியது. அதனை ஏற்றோர் ஏறத்தாழ 2,70,000 பேர். ஆனால், அச்செயலி அவர்களுடைய நண்பர்களின் குறிப்புகளையும் வாரிச் சென்றது. அவ்வாறு 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோர் குறிப்புகள் பிறர் கைக்குச் சென்றிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே அறிவித்தது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2019 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திற்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது.

அந்த 8 கோடிப் பேருள் மிகப் பலர் எந்த வினாவிற்கும் விடை அளித்தவரல்லர் என்பது கருதத்தக்கது. அவர்களுடைய நண்பர் அளித்தனர். ஒருவருடைய உள்ளறைச் சாவி அவர் நண்பர் கையிலும் இருக்கின்றது. வகுப்பில் எடுத்த படத்தில் பத்துப் பேர் இருந்தால், அதனை வெளியிடும் உரிமை பத்துப் பேர்க்கும் பொது. உறங்கும் தோழனை வேடிக்கையாகப் படம் பிடித்துக் குழுவில் இடுவதும், ஒருவர் நம்பி எழுதிய மடலை ‘ஸ்கிரீன்ஷாட்’ எடுத்து மற்றவர்க்குக் காட்டுவதும், பூட்டைத் தன் கையிலே ஒப்படைத்தவரின் வீட்டைத் திறந்துவிடும் செயல்களாம். பெரியோரும் இதற்கு விலக்கல்லர். குழந்தை பிறந்த நாள் முதல் அதன் குளியலையும் அழுகையையும் ஊரார்க்குக் காட்டும் பெற்றோர், அக்குழந்தை பதினைந்து வயதில் அப்படங்களைக் காணும்போது என்ன எண்ணும் என்று நினைப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று சொல்லப்படும் படமும், கண்டவர் அதனைப் படியெடுத்துக்கொண்டால் மறைவதில்லை.

தனிமை ஓர் உரிமை என்னும் எண்ணம் சட்டத்தில் இடம்பெற்ற வரலாறு கேமராவோடு தொடங்குகின்றது. 1888 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன், எளியோரும் கையில் எடுத்துச் செல்லத்தக்க கோடக் கேமராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். இரண்டாண்டுகட்குப் பின், 1890 இல், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் பாஸ்டன் நகர வழக்கறிஞர் இருவர், உடனடிப் புகைப்படங்களும் செய்தித்தாள்களும் இல்லத்தின் புனிதத்திற்குள் நுழைந்துவிட்டன என்று வருந்தி, தனிமைக்குச் சட்டக் காப்பு வேண்டும் என ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். இந்தியாவில் இவ்வுரிமை நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1954, 1962 ஆகிய ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் இதனை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி, 2012 ஆம் ஆண்டில் தம் 86 ஆம் வயதில் ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில், 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாக, தனிமை அரசியலமைப்பு அளித்த அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். பழைய தீர்ப்புகள் வீழ்ந்தன. 2023 ஆம் ஆண்டில் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. பதினெட்டு வயது நிரம்பாதாரின் குறிப்புகளைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டுதலும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா என்பது அச்சட்டத்தின் பகுதி. அப்பகுதியை மீறுவோர்க்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அதற்கான விதிகள் 2025 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. முதன்மையான பகுதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது.

சட்டம் வரும்வரை காத்திராமல் மாணவர் தாமே செய்துகொள்ளத்தக்கன சில உள. தம் பெயரைத் தாமே தேடுபொறியில் இட்டுப் பார்ப்பது, தம் வீட்டை ஒருமுறை தெருவில் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். உள்ளிருப்போர்க்குத் தெரியாத சன்னல் அப்போதுதான் தெரியும். பின்தொடர்வோர் பட்டியலை ஆண்டிற்கு இருமுறை படித்து, முகமறியாதாரை நீக்கலாம். எப்போதோ தொடங்கி மறந்த கணக்குகளை அழிக்கலாம். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது, வீட்டிற்கும் கடைக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி செய்வதாகும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்னும் வசதியைத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லைத் திருடியவனும் வாசலில் நின்றுவிடுவான். ஆனால், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டவர்க்கெல்லாம் சொல்லிவிட்டால் அக்காவல் பயனற்றதாகும்.

இவ்வளவு செய்த பின்னும் தீங்கு நேரலாம். ஒரு மாணவியின் முகத்தை எடுத்து வேறோர் உடலொடு பொருத்திப் பொய்ப்படம் செய்வது இன்று கணினியால் எளிதாகிவிட்டது. அதனைக் காட்டி அச்சுறுத்துவோர், அவள் எவரிடமும் சொல்லமாட்டாள் என்பதையே முதலாகக் கொண்டு தொழில் செய்கின்றனர். அவர்கள் வலிமை படத்தில் இல்லை. அவளுடைய மௌனத்தில் இருக்கின்றது. படத்தை அன்றே வெளியிட்டது ஏன், அவனோடு பேசியது ஏன் என்று வீட்டார் முதலில் அவளையே வினவத் தொடங்கினால், அச்சுறுத்துவோன் பாதி வெற்றி பெற்றுவிடுகின்றான். குற்றம் செய்தவன் அவனே. நாண வேண்டியவனும் அவனே. மடல்களை அழித்துவிடாமல் சான்றாக வைத்துக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடாமல், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுதல் வேண்டும். இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் எண்ணும், சிறுவர் உதவிக்கு 1098 என்னும் எண்ணும் நாடு முழுவதும் உள்ளன. ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை இசைவின்றிப் படமெடுத்தலும் பரப்புதலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் இத்தகைய படங்களை ஊடகங்களிலிருந்து நீக்குவதற்கென்றே ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை 2023 முதல் இயங்கி வருகின்றது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. அதன் அடையாள எண் மட்டுமே கைப்பேசியிலிருந்து செல்லும்.

வெளியே சென்றுவிட்ட ஒன்றை மீண்டும் உள்ளே அழைப்பது எளிதன்று. 2003 ஆம் ஆண்டில் கலிபோர்னியக் கடற்கரையின் அரிப்பை ஆராய்வதற்காக வானிலிருந்து எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களுள் ஒன்றில், பாடகி பார்பரா ஸ்டிரைசாண்டின் மாளிகை காணப்பட்டது. அதனை நீக்குமாறு அவர் வழக்குத் தொடுத்தார். அதற்குமுன் அப்படத்தை எடுத்தோர் ஆறு முறையே எடுத்திருந்தனர். அவற்றுள்ளும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களே எடுத்தவை. வழக்குச் செய்தி பரவிய ஒரு திங்களில் அத்தளத்தை நாடிவந்தோர் 4,20,000 பேருக்கு மேல்!

ஸ்பெயின் நாட்டார் ஒருவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1998 ஆம் ஆண்டில், அவர் செலுத்த வேண்டிய பாக்கிக்காக அவருடைய வீடு ஏலத்திற்கு வந்தது. நாளிதழ் ஒன்றில் அறிவிப்பும் வெளியாயிற்று. பாக்கி தீர்ந்தது, ஆண்டுகள் கடந்தன. ஆனால், கூகுளில் அவர் பெயரைத் தேடுவோர்க்கு அந்த ஏல அறிவிப்பே தோன்றிக்கொண்டிருந்தது. அவர் வழக்காடினார். 2014 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாளிதழ் தன் பழைய பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. ஆனால், ஒருவர் பெயரைத் தேடும்போது, காலம் கடந்து பொருத்தம் இழந்த செய்திகளின் இணைப்பை நீக்குமாறு தேடுபொறியைக் கேட்க அவர்க்கு உரிமை உண்டு என்றது. மறக்கப்படும் உரிமை என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஐரோப்பியர் பலர் அத்தீர்ப்பாற் பயன் பெற்றனர். வழக்குத் தொடுத்தவர் பெயரும், அவர் மறக்கப்பட வேண்டும் என்று விரும்பிய அந்த ஏலமும் இன்று உலகெங்கும் சட்டம் பயிலும் மாணவர்தம் நூல்களில் இடம் பெற்றுள்ளன. அவர் பெயர் இங்கே எழுதப்படவில்லை.